அடைப்பு இல்லாத குடல் அடைப்பு: ஆபரேஷனுக்குப் பிறகு முதியவர்களுக்கு வயிறு ஊதினால் – கேள்விகளும் பதில்களும்

வயதானவர்களை வார்டில் பார்க்கிற டாக்டர் என்ற முறையில், வராந்தாவில் என்னை நிறுத்தி உறவினர்கள் கேட்கும் கேள்விகளில் இதற்குத் தனி இடம் உண்டு: "ஆபரேஷன் நல்லா முடிஞ்சுதுன்னு சொன்னீங்க. இப்ப ஏன் வயிறு இப்படி ஊதிக் கிடக்கு?" நின்றபடியே இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு மூன்றாம் நாள் வயிறு பானை மாதிரி ஆகிவிட்டது. "அடைப்பு மாதிரி இருக்கு, ஆனா அடைப்பு இல்லை" என்கிறார்கள். என்ன அர்த்தம்?

குடலுக்குள் வழியை மறிக்கும் பொருள் எதுவும் இல்லை. கட்டி இல்லை, முறுக்கு இல்லை. ஆனால் பெருங்குடல் தள்ளுவதை நிறுத்திவிட்டது. தள்ளாததால் காற்றும் நீரும் தேங்கிக் குடல் விரிந்துகொண்டே போகிறது. வெளியே பார்த்தால் உண்மையான அடைப்புக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. இதைப் பெருங்குடலின் போலி அடைப்பு என்று சொல்லலாம். கேஸ் ஷீட்டில் பெரும்பாலும் 'ஓகில்வி சிண்ட்ரோம்' என்று எழுதியிருப்பார்கள்.

ஓகில்வி ஒரு பிரிட்டிஷ் அறுவை மருத்துவர். 1948இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். இருவருக்கும் அடைப்பு என்று நினைத்து வயிற்றைத் திறந்திருக்கிறார், பெருங்குடலில் அடைப்பே இல்லை. குடலுக்குப் போகும் நரம்புகள் இருக்கும் இடத்தில் புற்றுநோய் பரவியிருந்தது. கோளாறு குழாயில் இல்லை, குழாயை ஓட்டும் நரம்பில் இருக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். எந்த நரம்பு கெட்டது என்பதில் அவருடைய விளக்கத்தைப் பிற்காலத்தவர்கள் திருத்தினார்கள், ஆனால் அடிப்படை யோசனை நின்றுவிட்டது.

அடைப்பே இல்லாமல் குடல் எப்படி நிற்கும்?

பெருங்குடலை நடத்துவது இரண்டு வகை நரம்புகள். ஒன்று முடுக்கும், இன்னொன்று இழுத்துப் பிடிக்கும். மாட்டுவண்டிக்குத் தார்க்குச்சியும் மூக்கணாங்கயிறும் மாதிரி. பெரிய காயம், ஆபரேஷன், நிமோனியா, பக்கவாதம், மாரடைப்பு என்று உடம்புக்கு ஏதாவது பெரிய அதிர்ச்சி வந்தால் கயிறு இறுகிவிடுகிறது, குச்சி ஓய்ந்துவிடுகிறது. வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது.

பல நோயாளிகளின் எக்ஸ்ரேயில் வலப்பக்கக் குடலும் நடுக்குடலும் ஊதியிருக்கும், இடப்பக்கம் மண்ணீரலுக்கு அருகே இருக்கும் வளைவுக்கு அப்பால் சுருங்கியிருக்கும். அந்த வளைவுவரை முடுக்கும் நரம்பு தலையிலிருந்து இறங்கி வருகிறது. அதற்கப்பால் தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்து வருகிறது. எந்த நரம்பு ஓய்ந்தது என்பதற்கு அந்தப் படமே பாதி விடை. இதே தோற்றம் அந்த இடத்தில் கட்டி இருந்தாலும் வரும் என்பதுதான் சிக்கல், அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏன் வயதானவர்களுக்கே வருகிறது?

அவர்களுக்கு மட்டும் இல்லை. சிசேரியன் முடிந்த இளம் பெண்களுக்கும் வரும். ஆனால் வயதானவர்களிடம் காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். பல ஆண்டு மலச்சிக்கல், பார்க்கின்சன் நோய் அல்லது நீரிழிவால் தளர்ந்த நரம்பு, நீர் பிரியக் கொடுத்த மாத்திரையால் குறைந்த பொட்டாசியம், படுத்த படுக்கை, வலிக்குப் போட்ட ட்ரமடால் அல்லது மார்ஃபின் ஊசி. இதில் ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால் குடல் சமாளித்திருக்கும். எல்லாம் ஒரே வாரத்தில் சேரும்போது உட்கார்ந்துவிடுகிறது.

ஆபரேஷன் ஆனால் இரண்டு நாள் குடல் ஓயும் என்று சொல்வார்களே, அதுதானே இது?

இல்லை. அதில் சிறுகுடலும் இரைப்பையும் சேர்ந்தே ஓயும், வாந்தி முன்னால் நிற்கும், பெரும்பாலும் வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷனுக்குப் பிறகு வரும், சில நாளில் தானே சரியாகும். இங்கே ஊதுவது முக்கியமாகப் பெருங்குடல். வயிற்றைத் தொடாத ஆபரேஷனுக்குப் பிறகுகூட வரும். இடுப்பில் ஆபரேஷன் செய்தால் வயிறு ஏன் ஊத வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றாது. எலும்பு வார்டில் சில சமயம் எங்களுக்கும் தோன்றாமல் போவதுண்டு.

கொஞ்சம் மலம் போகிறது, காற்றும் பிரிகிறது. அப்படியென்றால் பயமில்லைதானே?

இந்த நோயில் மிக அதிகமாக ஏமாற்றுவது இதுதான். இந்த நோயாளிகளில் கணிசமானவர்களுக்குக் காற்று பிரியும், தண்ணீராகவும் கொஞ்சம் போகும். "மோஷன் போச்சா?" என்று ரவுண்ட்ஸில் கேட்பார்கள், "போச்சு" என்று நீங்கள் சொல்வீர்கள், எல்லோரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவோம். ஸ்டெதஸ்கோப்பில் குடல் சத்தம்கூடக் கேட்கலாம். ஆகவே போனதா இல்லையா என்பதைவிட வயிறு நேற்றைவிடப் பெரிதாகியிருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். வேட்டி முடிச்சு எட்டவில்லை, நைட்டி இறுக்குகிறது என்று உறவினர் சொன்னதில் நோய் பிடிபட்டதுண்டு. தையல்கார டேப் ஒன்றைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி, தோலில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, தினமும் அதே இடத்தில் அளந்தால் சண்டையே இல்லை.

எந்த அறிகுறி வந்தால் நர்ஸைக் கூப்பிடாமல் ஒரு நிமிடமும் இருக்கக் கூடாது?

காய்ச்சல், நாடித் துடிப்பு ஏறுவது, ரத்த அழுத்தம் இறங்குவது, கை வைத்தாலே வலிப்பது (முக்கியமாக வலப்பக்க அடிவயிற்றில்), வயிறு பலகை மாதிரி விறைப்பது. குடல் சுவருக்கு ரத்தம் போகாமல் கருகத் தொடங்கிவிட்டது அல்லது ஓட்டை விழுந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமாக இருக்கலாம்.

அப்பாவுக்கு மறதி நோய். வலி என்று சொல்லவே தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது?

நேற்றுவரை பேசியவர் இன்று பேச மறுப்பது, தட்டைத் தள்ளிவிடுவது, ட்யூபைப் பிடுங்குவது, முனகுவது, மூச்சு வாங்குவது. விரிந்த குடல் நுரையீரலை மேலே தள்ளுவதால் மூச்சுத் திணறலோடுதான் சிலர் வருவார்கள், முதலில் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்போம். மிகவும் வயதானவர்களுக்குக் குடல் ஓட்டையானாலும் வயிறு விறைக்காமல் இருக்கலாம், காய்ச்சலும் வராமல் இருக்கலாம். "வயசாச்சு, குழப்பமா இருக்காங்க" என்று யாராவது ஒதுக்கினால் விடாதீர்கள். போர்வையை விலக்கி வயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே எடுத்தாயிற்றே, அப்புறம் சி.டி. எதற்கு? பணம் பறிக்கவா?

கோபம் புரிகிறது, ஆனால் இந்த விஷயத்தில் நான் ஸ்கேன் பக்கம்தான். குடல் ஊதியிருக்கிறது என்பதை எக்ஸ்ரே சொல்லும். ஏன் ஊதியது என்பதைச் சொல்லாது. பெருங்குடல் புற்றுநோயும், குடல் தன்னையே சுற்றி முறுக்கிக்கொள்வதும் வயதானவர்களுக்குத்தான் அதிகம் வரும். முறுக்கு நம் நாட்டில் அரிதான விஷயமே இல்லை. இவற்றைப் போலி அடைப்பு என்று நினைத்து, குடலைத் தள்ள வைக்கும் ஊசியைப் போட்டால், மறித்த கதவின்மேல் கூட்டத்தைத் தள்ளுவது மாதிரி ஆகிவிடும். சி.டி. உண்மையான அடைப்பையும் போலி அடைப்பையும் பிரித்துக் காட்டும், குடல் சுவர் கருகியிருக்கிறதா என்பதையும் காட்டும். ரத்தக்குழாயில் ஏற்றும் சாயம் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பிரச்சினை தரலாம் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்து முடிவெடுப்பார்கள். சாயம் இல்லாமலும் சி.டி. எடுக்கலாம். மலக்குடல் வழியாக நீரில் கரையும் சாயம் செலுத்திப் படம் எடுப்பது இன்னொரு வழி.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், விரல் விட்டு மலக்குடலைச் சோதிப்பது. செலவில்லாத பரிசோதனை. கல்லாக இறுகிய மலம் வழியை மறித்து, அதைச் சுற்றித் தண்ணீராகக் கசிவதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து, போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுத்த கதைகள் உண்டு.

ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கும்போது வயிற்றுப்போக்கும் வயிற்று ஊதலும் சேர்ந்து வந்தால் 'கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்' கிருமிக்கான மலப் பரிசோதனையும் வேண்டும். அது வேறு நோய், வேறு மருந்து.

டாக்டர்கள் "பன்னிரண்டு வந்தாச்சா" என்று பேசிக்கொள்கிறார்களே?

பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலப்பக்க அடிவயிற்றில், ஒரு பை இருக்கிறது. சீக்கம் என்பார்கள். அதன் அகலத்தைப் படத்தில் அளக்கிறார்கள். 9 செ.மீ. தாண்டினால் இயல்பில்லை, 12 செ.மீ. தாண்டினால் வெடிக்கும் ஆபத்து கூடுகிறது. பலூன் ஊதும்போது எந்த இடம் ஏற்கெனவே அகலமாக இருக்கிறதோ அந்த இடத்துச் சுவர்தான் அதிகம் இழுபடும். சீக்கம் பெருங்குடலிலேயே அகலமான இடம், சுவரும் மெல்லியது.

எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கவும் கூடாது. பல ஆண்டு மலச்சிக்கல்காரருக்கு 12 செ.மீ.யைக் குடல் தாங்கலாம், நேற்று 7 இருந்து இன்று 11 ஆனவருக்கு அதைவிட ஆபத்து அதிகம். எத்தனை நாளாக ஊதியிருக்கிறது என்பதும் முக்கியம். ஐந்தாறு நாள் தாண்டினால் கவலை கூடுகிறது. அதனால்தான் தினமும் எக்ஸ்ரே. மறுபடி மறுபடி எடுக்கிறார்களே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம்.

ரத்தத்தில் என்ன பார்ப்பார்கள்?

பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம், சிறுநீரகம், வெள்ளணுக்கள், குடல் கருகுகிறதா என்று காட்டக்கூடிய லாக்டேட். தைராய்டும் ஒரு தடவை. மெக்னீசியத்தைப் பார்க்கப் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். அது குறைவாக இருந்தால் எவ்வளவு பொட்டாசியம் ஏற்றினாலும் நிற்காது.

இரண்டு நாளாக ட்ரிப் மட்டும் ஓடுகிறது, ஒன்றுமே செய்யவில்லையே?

செய்கிறார்கள், வெளியே தெரிவதில்லை. குடல் கருகும் அறிகுறி இல்லை, அகலம் 12 செ.மீ.க்குள் இருக்கிறது என்றால் முதல் 48 முதல் 72 மணி நேரம் இப்படித்தான் வைத்திருப்பார்கள், பெரும்பாலானவர்கள் இதிலேயே தேறிவிடுவார்கள். வாய்வழி எதுவும் கிடையாது. மூக்கு வழியாக ரைல்ஸ் ட்யூப், விழுங்கிய காற்று மேலும் கீழே இறங்காமல் இருப்பதற்கு. ஆசனவாயில் ஒரு ட்யூப், இருக்கும் காற்று வெளியேற. பொட்டாசியம் போன்ற உப்புகளைச் சரிசெய்வது, குடலை மயக்கும் மருந்துகளை நிறுத்துவது, தொற்று இருந்தால் அதற்கு வைத்தியம்.

பிறகு புரட்டிப் படுக்க வைப்பது. இதில் உங்கள் கை வேண்டும். குப்புறப் படுத்து இடுப்புக்குக் கீழே தலையணை வைத்தாலும், முழங்காலை நெஞ்சோடு சேர்த்து மண்டியிட வைத்தாலும் காற்று ஆசனவாய்ப் பக்கம் நகரும். இடுப்பு ஆபரேஷன் ஆனவருக்கு இவை நடக்காது, எலும்பு டாக்டர் அனுமதித்த பக்கத்தில் மணிக்கொரு தடவை மாற்றிப் படுக்க வைத்தால் போதும். அனுமதி கிடைத்த உடனே உட்கார வைப்பது, நிற்க வைப்பது, நாலு அடி நடக்க வைப்பது. "பாவம், அசையாம படுத்திருக்கட்டும்" என்ற பாசம் இங்கே உதவாது.

வீட்டு மாத்திரைகளில் எவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்?

எல்லாவற்றையும். மஞ்சள் பையோடு அப்படியே கொண்டுவந்து கொட்டுங்கள். நாங்கள் தேடுவது இவற்றைத்தான்: ட்ரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், பார்க்கின்சனுக்குத் தரும் ட்ரைஹெக்சிபெனிடில், சிறுநீர் அடிக்கடி போவதற்குத் தரும் ஆக்சிபியூட்டினின், சளிக்கும் அரிப்புக்கும் தரும் பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகள், நீர் பிரியத் தரும் ஃப்யூரோசிமைட்.

தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வயிற்று வலி என்றதும் மெடிக்கலில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது டைசைக்ளோமின். குடல் பிடித்து இழுக்கும் வலியை அது அடக்கும், குடலின் அசைவை நிறுத்தித்தான் அடக்கும். ஏற்கெனவே நின்றுபோன குடலுக்கு இது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பார்க்கின்சன் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் வேறு ஆபத்து வரும்.

விளக்கெண்ணெய், லாக்டுலோஸ், எனிமா, ஓமத் தண்ணீர்?

ஊதியிருக்கும்போது வாய்வழி எதுவும் வேண்டாம், ஓமத் தண்ணீர் உட்பட. லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி சிரப்பைப் பற்றிக் கூடுதலாக ஒன்று: அதைக் குடல் கிருமிகள் புளிக்க வைத்து வாயு உண்டாக்கும். ஏற்கெனவே காற்றால் விம்மும் குடலில் இன்னும் காற்று. எனிமா வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும், மெலிந்த குடல் சுவரில் அழுத்தம் கொடுப்பது விளையாட்டில்லை.

நியோஸ்டிக்மைன் ஊசி போடலாமா என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். அது என்ன?

தார்க்குச்சி அதுதான். முடுக்கும் நரம்பு விடுகிற அசிட்டைல்கோலின் என்ற பொருள் சீக்கிரம் அழிந்துவிடாமல் இந்த ஊசி காக்கிறது, குடல் வேகமாகச் சுருங்குகிறது. மயக்க மருந்து டாக்டர்கள் தசை தளர்வை மாற்றத் தினமும் பயன்படுத்தும் பழைய, விலை குறைந்த மருந்து.

1999இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வுதான் இதை நிலைநிறுத்தியது. மொத்தமே 21 நோயாளிகள், எல்லோருக்கும் சாதாரணச் சிகிச்சையில் குறையாத ஊதல். ஊசி போட்ட 11 பேரில் 10 பேருக்கு உடனே குறைந்தது, வெறும் உப்புநீர் போட்ட 10 பேரில் ஒருவருக்கும் குறையவில்லை. பலன் தெரியப் பொதுவாக 4 நிமிடம்தான் ஆனது. சிறிய ஆய்வுதான், ஆனால் இவ்வளவு துலக்கமான முடிவு மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை. பெட்பேனைத் தயாராக வைத்துக்கொண்டு ஊசி போடுங்கள் என்று நர்ஸ்களிடம் நாங்கள் சொல்வது வேடிக்கைக்காக இல்லை.

வழக்கமான அளவு 2 மி.கி., 3 முதல் 5 நிமிடத்தில் மெதுவாக ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். பலன் போதவில்லை என்றால் இன்னொரு தடவை போடலாம். சில இடங்களில் பம்ப் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதும் உண்டு.

அதில் ஆபத்து என்ன?

பூச்சிமருந்து குடித்தவரை நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிகளில் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். எச்சில் ஒழுகும், வியர்க்கும், வாந்தி வரும், மூச்சுக்குழாய் இறுகும், நாடி குறையும். அந்த விஷமும் உடம்பில் இதே இடத்தில்தான் வேலை செய்கிறது. நியோஸ்டிக்மைன் அடக்கமானது, சில மணி நேரத்தில் விலகிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். மாற்று மருந்தும் அதே அட்ரோபின்தான். ஆகவே மானிட்டர் மாட்டி, பக்கத்தில் அட்ரோபினை ஊசியில் ஏற்றி வைத்து, டாக்டர் கூடவே நின்று போட வேண்டிய மருந்து இது. மானிட்டர் இல்லாத வார்டில் போடுகிறார்கள் என்றால் ஐ.சி.யூ.வுக்கு மாற்றச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

உண்மையான அடைப்போ ஓட்டையோ இருந்தால் போடவே கூடாது. இழுப்பு இருக்கும் ஆஸ்துமாக்காரர், அண்மையில் மாரடைப்பு வந்தவர், நாடி ஏற்கெனவே குறைவாக இருப்பவர் என்றால் தயங்குவார்கள். சிறுநீரகம் கெட்டவருக்கு மருந்து உடம்பில் நீண்ட நேரம் தங்கும். நாடியைக் குறைக்கும் 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை சாப்பிடுபவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊசிக்கும் கேட்கவில்லை, அல்லது போட முடியாது. அடுத்து?

ஆசனவாய் வழியாகக் கொலோனோஸ்கோப் என்ற கேமரா குழாயை விட்டுக் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். வழக்கமான கொலோனோஸ்கோபி மாதிரி பேதி மருந்து குடிக்கச் சொல்ல மாட்டார்கள், அசுத்தமான குடலிலேயே, உள்ளே காற்றை அடிக்காமல், மெதுவாகப் போக வேண்டும். திறமையும் பொறுமையும் கேட்கும் வேலை. எடுத்த பிறகு ஒரு நீளமான ட்யூபை வலப்பக்கக் குடலில் விட்டு வருவதும் உண்டு, இல்லையென்றால் சிலருக்கு மறுபடி ஊதிவிடும். கருகலோ ஓட்டையோ இருந்தால் இதைச் செய்ய மாட்டார்கள்.

ஆபரேஷன் கடைசியில். ஓட்டை விழுந்தால், குடல் கருகினால், அல்லது மற்ற எதுவும் பலிக்காமல் போனால்.

உயிருக்கு ஆபத்தா? மறைக்காமல் சொல்லுங்கள்.

குடல் கருகாமல், ஓட்டையாகாமல் இருக்கும்போதே பிடித்தாலும், மருத்துவ நூல்கள் தரும் இறப்பு விகிதம் சுமார் 15 சதவீதம். கருகிவிட்டால் அல்லது ஓட்டையாகிவிட்டால் சுமார் 40 சதவீதம். இதில் பாதிக் கணக்கு குடலுடையது இல்லை. இந்த நோய் வருகிறவர்கள் ஏற்கெனவே பெரிய நோயோடு படுத்திருப்பவர்கள். ஆனால் முதல் எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் தாமதம்தான்.

சரியான பிறகு திரும்ப வருமா?

வரலாம், முக்கியமாக முதல் சில நாளில். ஊதல் இறங்கிய பிறகு பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மலமிளக்கிப் பொடியைத் தினமும் கொடுத்தவர்களுக்குத் திரும்ப வருவது குறைந்ததாக ஒரு சிறிய ஆய்வு உண்டு, பலரும் அதைப் பின்பற்றுகிறார்கள். இது லாக்டுலோஸ் மாதிரி புளிக்காது. ஊதியிருக்கும்போது கொடுப்பதும் இறங்கிய பிறகு கொடுப்பதும் வேறு வேறு என்பதை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு?

குழைந்த சாதம், ரசம், மோர், இட்லி என்று சிறு சிறு அளவில். ஒரு வாரம் சுண்டல், மொச்சை, கிழங்கு வேண்டாம். நார்ச்சத்து நல்லது என்று முதல் நாளே கீரையும் கேப்பைக் களியுமாக ஏற்ற வேண்டாம், அதற்கு நாள் இருக்கிறது. தண்ணீர் தாராளமாக, இதய நோய்க்காக அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுக்குள். டேப்பை இன்னும் ஒரு வாரம் தூக்கிப் போடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஓகில்வி' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடுத்த முறை வேறு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், அந்தத் தாளை முதலில் காட்ட வேண்டியது மயக்க மருந்து டாக்டரிடம்.